பெஞ்சின் மேல் முனிராஜ்

வொர்க் பெஞ்சின் மேல் அழுக்கு வேலைக்காக விரிக்கும் பொருளுக்கு ஒரே ஒரு தகுதி வேண்டும். அதன் மேல் யாருக்கும் மரியாதை இருக்கக் கூடாது. இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. பராமரிப்புப் பிரிவின் நடைமுறைகளை எழுதும் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருந்த நானும் எழுதவில்லை. ஆகவே நடைமுறை எண், திருத்த எண், ஒப்புதல் கையொப்பம் எதுவும் இல்லாமல் இங்கே சொல்லி வைக்கிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாருக்காவது பயன்படலாம். பயன்படாவிட்டால், பயிற்சி வகுப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுங்கள். அதற்கும் உங்களுக்குப் பழக்கம் இருக்கும்.

முதலில் பெஞ்ச் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். நல்ல பெஞ்ச் என்றால் மேலே சரியான வெளிச்சமும் பக்கத்தில் விசிறியும் இருக்கும். அதனாலேயே எல்லா அழுக்கு வேலைக்கும் அதைப் பிடித்துப்போகும். கழுவுமிடத்தை ஒட்டி வெளியே ஓர் இரும்பு மேஜை போட்டிருப்போம். கழற்றுவது, கிரீஸ் வழிப்பது, துருச் சுரண்டுவது எல்லாம் அங்கேதான் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்போம். அங்கே மதியம் வெயில் அடிக்கும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். பழைய கியர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் எழுதி ஒட்டியதைப் பொறுமையாகப் படித்துவிட்டு நேராக உள்ளே வருவார். அவரை மனசாட்சி இல்லாதவர் என்று சொல்ல முடியாது. கீழே ஏதாவது ஒன்றை விரித்துவிட்டுத்தான் கியர் பாக்ஸை வைப்பார்.

அந்த ஏதாவது ஒன்றில் நான் பார்க்காத வகை இல்லை. செய்தித்தாள் விரிப்பார்கள். கிரீஸ் பட்டதும் அது கிழிந்து, துணுக்கு துணுக்காகப் பேரிங்குக்குள் போகும். போதாததற்கு, பாதி வேலையில் கொலைச் செய்தி படித்துக்கொண்டு நிற்பார்கள். சாமி படம் வந்த பக்கத்தை மட்டும் ஒருவர் பத்திரமாக எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுவார்கள். அது எண்ணெயைக் குடித்து ஊறி, பெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முறையாக ரப்பர் விரிப்பு வேண்டும் என்று நான் ஒருமுறை விண்ணப்பித்தேன். வந்தது. பிளான்ட் மேனேஜர் அறை வாசலில் மிதியடியாகக் கிடந்தது. அதன் மேல் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் வந்தது ஃபிளக்ஸ்.

எங்கள் பிரிவில் முனிராஜ் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். கிரைண்டிங் மெஷினில் அரவைச் சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதைக் கழற்றி, புதுப் பேரிங் போட்டு, மறுபடி ஜோடிப்பது அவர் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உள்ளே போனாலும் ஸ்பிண்டில் சூடேறி, கிறீச்சிட்டு, சில மணி நேரத்தில் எரிந்துவிடும். அவர் ஜோடித்து எதுவும் எரிந்ததாக எனக்கு நினைவில்லை. சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையில் பைக்கில் வந்தபோது பின்னால் வந்த லாரி அடித்து, அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் அடித்தார்கள். நடுவில் முனிராஜின் முகம், கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. பின்னால் மேகமும் இரண்டு புறாவும். கீழே, வருந்துகிறவர்களின் சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக. பதினாறாம் நாள் வரை கேட்டுக்கு எதிரே கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முனிராஜின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒற்றை அறை வீடு. "இதப் பாத்துகினே எம்புள்ளைங்க எப்புடித் தூங்கும்ணா" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போடலாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. சீனியர் ஃபிட்டர் நாகப்பா அதை முனிராஜ் வேலை செய்த பெஞ்சின் மேலேயே விரித்துவிட்டார்.

அந்த பெஞ்ச் அப்போது காலியாக இருந்தது. காலியான பெஞ்சுக்கு அக்கம்பக்கத்து அழுக்கு எல்லாம் தானாகவே வந்து சேரும். வந்தது. ஆனால் ஃபிளக்ஸ் விரித்திருந்ததால் எல்லோருக்கும் நிம்மதி. அழுக்கு வேலையின்போது பெஞ்சை மூடி வைக்க வேண்டும் என்று நடைமுறை சொல்கிறது, மூடியிருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் முழு மதிப்பெண் போட்டார்கள். ஒருவர் முனிராஜின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கூப்பிவிட்டும் போனார்.

சில மாதம் கழித்து முனிராஜின் இடத்துக்கு ஸ்டெல்லாவை எடுத்தோம். டிப்ளமோ படித்தவர், ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அங்கே மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கிய அப்பா, முதுகு போய், வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் நிரந்தர வேலை என்று யாருக்காவது வாய்க்குமானால் அது ஸ்டெல்லாவுக்குத்தான், இந்த ப்ரொபேஷன் ஒழுங்காக முடிந்தால்தான். வேலைத் தேர்வில் அவர் கையை நானே பார்த்தேன். பதற்றமில்லாத கை.

அந்தக் கை ஜோடித்த முதல் ஸ்பிண்டில் எரிந்தது. பேரிங்கில் குறை இருந்திருக்கும் என்றார்கள். இரண்டாவதும் எரிந்தபோது அப்படிச் சொல்ல யாரும் முன்வரவில்லை.

காலையில் பிளான்ட் மேனேஜர் அறையில் கூடினோம். அவர், நான், ஸ்டெல்லா. மெஷின் நின்றதால் அதற்குப் பின்னால் இருக்கும் லைன் முழுக்க நின்றிருந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை; மேலே இருந்து வந்த போன்களுக்கு எல்லாம் ஒரு பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர். துணி கொடுக்கும் ஸ்டோரில் யாரோ அவருக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார்கள்.

"ஏம்மா, ஸ்பிண்டில் வைக்கறதுக்கு முன்னாடி பெஞ்சுல எத்தன வெள்ளத் துணி விரிக்கணும்?"

"ஒன்னு சார்."

"நீங்க எத்தன விரிச்சீங்க?"

"ரெண்டு சார்."

"ஏன்?"

ஸ்டெல்லா அறைக்கு வெளியே, பெஞ்ச் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எழுதி வச்சிருக்கறவங்கள விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

"இல்லைங்க சார்."

"பின்ன?"

"ஒன்னு பத்தாதுன்னு தோணுச்சுங்க சார். சும்மாதான்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நடைமுறைப்படி செய்யலன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. மூணாவது ஸ்பிண்டில வேற யாருகிட்டயாவது குடுங்க. ப்ரொபேஷன் நீட்டிக்கறதப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

ஸ்டெல்லா எழுந்து, இருவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார். அழுதிருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேனோ என்னவோ. அவர் அழவில்லை. எதையோ சொல்லாமல் வைத்திருக்கும் முகம் அது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நடைமுறையைக் குறைத்துச் செய்கிறவர்களைப் பிடிக்க நமக்கு நூறு வழி சொல்லித் தந்திருக்கிறார்கள். கூட்டிச் செய்கிறவர்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. குறைத்தவர் நேரம் மிச்சம் பிடிக்கிறார், காரணம் தெளிவு. கூட்டியவர் எதற்குக் கூடுதல் வேலை பார்க்கிறார்? யாரும் பாராட்டாத இடத்தில் ஒருவர் கூடுதல் கவனம் எடுக்கிறார் என்றால், அவர் ஏதோ ஒன்றைப் பற்றி உங்களிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிறார். இரண்டாவது துணியை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஸ்பிண்டிலுக்கான பேரிங் பெங்களூரிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தது. வந்து சேரும்வரை எனக்கு அவகாசம் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "வேன் அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள கண்டுபிடிங்க" என்றார். மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி நெரிசலை நம்பி ஒருவர் வேலை தப்பிக்க வேண்டியிருந்தது. நம்பலாம், அது யாரையும் கைவிட்டதில்லை.

பயன்படுத்திய துணி போடும் தொட்டியிலிருந்து தொடங்கினேன். அதை அன்றன்றே காலி செய்ய வேண்டும். செய்திருக்கவில்லை. நடைமுறை மீறல்களால் விளைந்த நன்மைகள் என்று தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். தொட்டியில் மேலாகவே கிடந்தன, ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு வெள்ளைத் துணிகள். பிரித்தேன். மேல் துணியில், ஸ்பிண்டிலின் எடை அழுந்திய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. கீழ்த் துணி முழுக்கச் சாம்பல். அதுவும் அடிப்பக்கத்தில்தான் அடர்த்தி. அழுக்கு மேலிருந்து விழவில்லை, கையிலிருந்தும் வரவில்லை. பெஞ்சிலிருந்து ஊறி மேலே ஏறியிருக்கிறது. விரலில் தேய்த்தால் நெருநெருத்தது. கிரீஸில் குழைந்த அரவைத் தூள்.

மூடியே வைத்திருக்கும் பெஞ்சில் அது எப்படி வந்தது?

பெஞ்சுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. ஃபிளக்ஸில் முனிராஜ் நிமிர்ந்து படுத்து மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறாக்கள், மேகம், நெற்றியில் குங்குமம், எல்லாம் அச்சடித்த அன்றைக்கு இருந்தது போலவே. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. மாதக்கணக்கில் இதன் மேல் கியர் பாக்ஸ் கழற்றுகிறார்கள். ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

நாகப்பாவும், அவரோடு எப்போதும் சேர்ந்தே திரியும் ஃபிட்டர் ரஃபீக்கும் கை கழுவிவிட்டு வந்தார்கள்.

"என்னாங்க சார், சாப்பிடப் போவலியா?" என்றார் நாகப்பா.

"நாகப்பா, இதுமேலதான தினமும் கழட்டுறீங்க?"

"ஆமாங்க சார். பெஞ்சு பாழாவக் கூடாதில்ல."

"அப்ப முனிராஜ் மூஞ்சி எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார் நாகப்பா. "மொகத்து மேல யாராவது கழட்டுவாங்களா சார்? வேலைன்னு வந்தா குப்புறத் திருப்பிப் போட்டுக்குவோம். பின்னாடி வெள்ளையா இருக்குதில்ல, அதுமேல கழட்டிக்குவோம். முடிஞ்சதும் மறுபடி நிமித்தி, மொகத்த சோப்புத் தண்ணியில தொடச்சு வச்சிருவோம். சாயங்காலம் போறப்ப அவன் மொகம் மேல பாத்துகினு இருக்கணும்."

"மொகத்து மேல கூடாது. முதுகு மேல கியர் பாக்ஸ் வைக்கலாம்?"

"முதுகுதான சார்," என்றார் ரஃபீக். "அண்ணன் இருக்கச்சயே நம்ம வேலயெல்லாம் அவரு முதுகு மேலதான் போச்சு. வேணும்னா கீழ என் மூஞ்சியும் இருக்குது, அதுமேல வச்சுக்கலாம். என் ஊட்டுக்காரி ஒன்னும் சொல்ல மாட்டா."

"சும்னே இரு ரஃபீக்கு," என்றார் நாகப்பா.

நான் ஃபிளக்ஸின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன். பிசுக்கென்ற சத்தத்தோடு அது பெஞ்சை விட்டுப் பிரிந்தது. பின்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. கீழே பெஞ்சின் இரும்புத் தகடு முழுக்க அதே கறுப்பு. அதில் பல வருடமாகப் பஞ்ச் அடித்த குழிகள் எல்லாம் கிரீஸ் நிறைந்து மினுங்கின. அழுக்கு வேலை முடிந்ததும் முனிராஜின் முகத்தை மேலே கொண்டுவருவதற்காக, அழுக்குப் பக்கத்தை ஒவ்வொரு நாளும் பெஞ்சின் மேல் கவிழ்த்து, ராத்திரி முழுக்க அழுந்த விட்டிருக்கிறார்கள். பெஞ்சைப் பாதுகாக்க விரித்ததுதான் பெஞ்சுக்கு அழுக்கைப் பூசிக்கொண்டிருந்தது. இதைச் சோம்பேறிகள் செய்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும், ஒருநாள் விடாமல், இரண்டு பேர் சேர்ந்து பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் திருப்பியிருக்கிறார்கள்.

நாகப்பா குனிந்து பார்த்தார்.

"காலையில மேனேஜர் ரூம்ல பேசினோம்," என்றேன். "ரெண்டு ஸ்பிண்டில் எரிஞ்சதுக்கு ஸ்டெல்லாதான் காரணம்னு முடிவு பண்ணியிருக்காங்க. இந்த மாசத்தோட அனுப்பறாங்க."

நாகப்பாவின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு கை சரியில்லன்னா அதுக்கு முனிராஜு மேல பழி போடறதா சார்? அவன் இதே பெஞ்சுலதான் அத்தன வருசம் ஜோடிச்சான்."

கையில் வைத்திருந்த இரண்டு துணிகளையும் பக்கத்து மேஜையில் விரித்துக் காட்டினேன். அடிப்பக்கம் மேலே தெரியும்படி. முனிராஜ் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஆரம்பிக்கலாம், வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இறந்தவரைச் சாட்சிக்கு அழைத்தால் எந்த வழக்கிலும் ஜெயித்துவிடலாம். குறுக்கு விசாரணை கிடையாது. அப்படி ஜெயிப்பது நாகப்பாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று பட்டது. நீங்களும் தொழிற்சாலையில் அந்தக் குறுக்கு வழியைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

ரஃபீக்தான் முதலில் துணியைத் தொட்டார். விரலில் தேய்த்தார். "நெருநெருங்குதுண்ணா," என்றார், கேலி எதுவும் இல்லாத குரலில்.

நாகப்பா திரும்பி, அதற்குள் சாப்பிட்டு வந்து கருவி அலமாரி அருகே டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. இது உனக்குத் தெரியுமா?"

ஸ்டெல்லா தூக்கியிருந்த மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தெரியுங்கண்ணா."

"எப்பலருந்து?"

"மொத ஸ்பிண்டில் எரிஞ்சதுலருந்து. நீங்க ரெண்டு பேரும் ஃபிளக்ஸ மடிச்சு எடுத்துக் குடுத்தப்புறம் கெரசின் போட்டுத் துடைப்பேன். தகடு நல்லாத்தான் தெரியும். குழியில நிக்கறது மட்டும் துணி போட்டதும் ஏறிக்கும். அதான் ரெண்டா போட்டேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னம்மா? நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?"

"என்னன்னுண்ணா சொல்றது?" ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "முனிராஜ் அண்ணன் படத்த எடுங்கன்னா? அவரு நின்ன எடத்துல என்ன நிக்க வச்சிருக்காங்க. அவரு வைஸு, அவரு ஸ்பேனரு. தினமும் வேல ஆரம்பிக்கறப்ப நீங்க அவர மடிச்சு எடுத்து ஓரமா வச்சிட்டுத்தான் எனக்கு எடம் தர்றீங்க. வந்து நாலு நாளு ஆவல, அதுக்குள்ள அவர தூக்கிப் போடச் சொல்றான்னு பேர் வாங்கிட்டு நான் இங்க எப்புடிண்ணா வேல செய்யறது? எரிஞ்சா வேல போவும். அதச் சொன்னா வேல இருக்கும், நீங்க யாரும் எங்கூட பேச மாட்டீங்க."

என் அனுபவத்தில் தொழிற்சாலைகளில் மறைக்கப்படும் தவறுகளில் பாதி பயத்தால் மறைக்கப்படுகின்றன. அதற்கு மருந்து உண்டு, எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். மீதிப் பாதி நாகரிகத்தால் மறைக்கப்படுகின்றன. ஒருவர் மனம் புண்படக் கூடாது என்று இன்னொருவர் வாயை மூடிக்கொள்கிறார். அதற்கு எந்தச் சுவரொட்டியும் நம்மிடம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், அதிகாரம் உள்ளவர் செய்யக்கூடியது ஒன்றுதான். சொல்ல முடியாததைத் தானே முதலில் சொல்லி, கெட்ட பெயரைத் தன் தலையில் எடுத்துக்கொள்வது.

"ஃபிளக்ஸ எடுக்கச் சொல்றது நான்," என்றேன். "ஸ்டெல்லா ஒன்னும் கேக்கல. அவங்க கேட்டிருந்தா எனக்கு இவ்வளவு வேலை இல்ல. கோபம்னா என்மேல வச்சுக்கங்க."

"உங்க மேல ஏற்கெனவே இருக்குதுங்க சார், அதுல இது ஒன்னா?" என்றார் ரஃபீக்.

நாகப்பா சிரிக்கவில்லை. ஆனால் ஃபிளக்ஸின் மறு முனையை அவர்தான் போய்ப் பிடித்தார். இருவரும் அதை மடித்தார்கள், முகம் உள்ளே போகும்படி. மடித்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முறைப்படி, தேவையில்லாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி, காரணம் எழுதி, அப்புறப்படுத்தும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அட்டைக் கட்டு என் மேஜையில்தான் இருந்தது. முனிராஜுக்கு அதைக் கட்ட என் கையும் வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"நான் எடுத்துகினு போறேன் சார்," என்றார் நாகப்பா. "நாட்றாம்பாளையத்துல நம்ம நெலத்துல ராகி அறுத்துப் போட்டிருக்குது. காயப்போட விரிக்கறதுக்கு ஒன்னும் இல்ல. பின்னாடி கெரசின் சோப்பு எல்லாம் போட்டுக் கழுவிட்டா ஆச்சு."

"மொகத்து மேல ராகி கொட்டலாமாண்ணா?" என்றார் ரஃபீக்.

"ராகி கொட்டலாம். அது சோறு."

அதில் இருந்த கறாரான தர்க்கத்தை நான் மனதுக்குள் வணங்கினேன். நான் எழுதிய நடைமுறைகளில் எதிலும் அவ்வளவு தெளிவான வகைப்பாடு இல்லை.

வேன் அத்திப்பள்ளி தாண்டிவிட்டது என்று போன் வந்தது. மூவருமாகச் சேர்ந்து பெஞ்சின் அழுக்கை உரிக்கத் தொடங்கினார்கள். நாகப்பா குழி குழியாகக் கம்பியால் சுரண்ட, ரஃபீக் பனியன் வேஸ்ட் துணியால் துடைக்க, ஸ்டெல்லா கடைசியாக ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பாதியில் மேனேஜர் வந்துவிட்டார். பேரிங் பெட்டிகளை அவரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார்; அவ்வளவு அவசரம்.

துணியைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "இத யாரு பெஞ்சுல போட்டது?" என்றார்.

பெஞ்சை மூட வேண்டும் என்று எழுதிய நடைமுறை எதால் மூட வேண்டும் என்று சொல்லவில்லை என்பதை விளக்கி, பெயர் எதுவும் இல்லாத ஒரு நீண்ட வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நாகப்பா கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாந்தான் சார் போட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதா நாகப்பா? இத்தன வருச சர்வீஸு."

"தெரியும் சார். தூக்கிப் போட மனசு வரல."

மேனேஜர், மடித்து ஓரமாக வைத்திருந்த ஃபிளக்ஸைப் பார்த்தார். முனிராஜின் உடலுக்கு நிர்வாகத்தின் சார்பில் மாலை போட்டவர் அவர். கையிலிருந்த பெட்டிகளைக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு அவற்றை ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"ஒரு துணி போதும்ல?"

"போதுங்க சார்."

அந்த மதியத்தை வர்ணிக்கப் போவதில்லை. ஸ்பிண்டில் ஜோடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு எழுத்தில் சொல்லிப் புரியாது. மெஷினில் ஏற்றி ஓட விட்டதும், சூடு பார்க்கும் கருவி கையில் இருந்தும், நான் உள்ளங்கையைத்தான் ஸ்பிண்டிலின் உறை மேல் வைத்தேன். முந்தைய இரண்டு முறையும் பத்து எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை எடுக்கத் தோன்றவில்லை. மேனேஜர் வந்து அவரும் கை வைத்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது. ஸ்டெல்லா அதைப் புரிந்துகொண்டாரா என்று தெரியாது. அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், தலையைச் சாய்த்து, வேறு யாரும் அங்கே இல்லாததுபோல.

ப்ரொபேஷன் முடிந்து அவர் நிரந்தரமானார். நாகப்பாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். நானே எழுதினேன், யாருக்கும் புரியாத அளவுக்கு நன்றாக. அழுக்கு வேலைக்கு விரிக்க, எதுவும் அச்சடிக்காத, யார் முகமும் இல்லாத சாக்குப் படுதா வாங்கினோம். வேலை முடிந்ததும் அதைத் தூக்கி எறிவதில் இன்றுவரை யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அது வெளியே, அந்த இரும்பு மேஜைக்கு மட்டும். மேஜைக்கு மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுத் தந்தோம். இவ்வளவு காலம் அறிவிப்பு ஒட்டியதற்குப் பதிலாக அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு மழை மத்தியானம், அந்தப் பக்கம் போனேன். ஸ்டெல்லா பெஞ்சில் ஏதோ அளந்துகொண்டிருந்தார். நாகப்பா எண்ணெய் சொட்டும் ஹைட்ராலிக் பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ரஃபீக் பின்னால் வர, கூரைக்குக் கீழே போகாமல் நேராக உள்ளே வந்தார். பெஞ்சின் ஓரத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. பம்பை அங்கே இறக்கப் பார்த்தார்.

"அண்ணா, வெளிய," என்றார் ஸ்டெல்லா, நிமிராமலே.

"மழை பெய்யுதும்மா."

"கூரை இருக்குதுண்ணா. எடுங்க. சொட்டுது."

நாகப்பா பம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். என்னைத் தாண்டிப் போகும்போது ரஃபீக் அவர் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னாண்ணா, இந்த வெரட்டு வெரட்டுது? முனிராஜ் அண்ணன்கூட நம்மள இப்புடி வெரட்டினதில்ல."

"வெரட்டினான்," என்றார் நாகப்பா. "நாமதான் மறந்துட்டோம்."